‘வடக்குப் பக்கம்’ என்று எழுதிய ஐந்து மீன்கள்

மீன்குஞ்சுப் பொரிப்பகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். ஓய்வு பெற்ற மனிதன் தன் கெட்டித்தனத்தைப் பற்றித்தான் எழுதுவான் என்று நினைத்திருப்பீர்கள். என் கெட்டித்தனம் அரைப் பக்கத்துக்கு மேல் வராது. பிழைகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் ஒன்றை மட்டும் எழுதுகிறேன். பிழை விட்டவன் நான். அதைச் சுமந்தவர் சிலாவத்துறையில் கடலில் கூடு போட்டு மீன் வளர்த்த ஒரு பெண்.

மீனுக்கு ஊசி எப்படிப் போடுவது, தொட்டித் தண்ணீரை எப்போது மாற்றுவது என்பதையெல்லாம் வேறு ஆட்கள் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லித் தருவார்கள். நான் படித்து இந்தத் தொழிலுக்கு வந்தவன் அல்ல. மன்னார்த் தீவில் கடற்தொழில் செய்த வீட்டில் பிறந்து, சண்டை முடிந்த பிறகு பொரிப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்து, கடைசியில் தாய் மீன்களுக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றவன். மீனைக் கையில் பிடித்தால் அதன் குணம் தெரியும் என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது. இந்தக் கதைக்கு அந்தத் திமிரும் ஒரு காரணம்.

எங்கள் வேலை கொடுவா மீன். நீங்கள் கவனித்திருப்பீர்கள், கொடுவா சின்னதில் ஆணாக இருக்கும், வயது போகப் போகப் பெண்ணாகிவிடும். அதனால் தொட்டியில் பெண்களுக்குக் குறைவில்லை, ஆண்களுக்குத்தான் எப்போதும் தட்டுப்பாடு. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கடலில் இருந்து புது ஆண்களைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அப்போது எங்களிடம் ஒரு பெரிய பெண் மீன் இருந்தது. அதைப் ‘பெரியவள்’ என்று கூப்பிடுவோம். எங்கள் முட்டையில் பெரும்பங்கு அவளுடையது. அவளுடைய குஞ்சு வேண்டும் என்று கேட்டு வாங்குகிறவர்கள்கூட இருந்தார்கள்.

ஒரு முறை ஆண்கள் குறைந்துபோன நேரத்தில், பேசாலையில் இருந்து சவிரியான் ஐந்து மீன்களை உயிரோடு கொண்டுவந்தார். என் வயதுக்காரர், நல்ல தொழிலாளி. ஐந்தும் ஒரே அளவு, ஒரே மினுக்கம், உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. நான் மயங்கிப்போனேன். எங்கே பிடித்தது என்று கேட்டேன். “வடக்குப் பக்கம்” என்றார். பதிவேட்டில் ‘பிடித்த இடம்’ என்ற பத்தியில் ‘வடக்குப் பக்கம்’ என்று எழுதினேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எங்கள் கரையில் எந்தத் தொழிலாளியும் தன் வலை விழுந்த இடத்தை உள்ளபடி சொல்லமாட்டான். தெற்கே போனவன் வடக்கு என்பான். அதைப் பொய் என்று யாரும் எண்ணுவதில்லை. கேட்கிறவனும் ஒருதரம் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவான். இரண்டாம்தரம் கேட்டால் அது ஒருவனுடைய பெட்டியைத் திறந்து பார்ப்பதற்குச் சமம். என் அப்பா தன் உடன்பிறந்த தம்பிக்கே இடம் மாற்றிச் சொன்னவர். இதெல்லாம் தெரிந்த நான், கரையில் நின்று கேட்டிருந்தால் அந்த ‘வடக்கு’ என்ற சொல்லைக் காதிலேயே போட்டிருக்கமாட்டேன். ஆனால் அன்று மேசைக்கு முன்னால் கதிரையில் இருந்து, பேனையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். எழுதியதும் அது உண்மையாகிவிட்டது. பெரியவளை எப்போதோ தெற்கே பிடித்திருந்தோம். ஆகவே இவை அவளுக்கு ஒட்டு உறவில்லாத மீன்கள் என்று முடிவு கட்டி, ஐந்தையும் அவளோடு சேர்த்தேன்.

அந்த வருடத்து முதல் குஞ்சுகள் ரஹீமாவுக்குப் போயின. சண்டைக் காலத்தில் சிறு பிள்ளையாக ஊரை விட்டுப் புத்தளத்துக்குப் போய், அங்கேயே கலியாணம் கட்டி, பிள்ளைகளோடு சிலாவத்துறைக்குத் திரும்பி வந்தவர் அவர். கணவர் நோயாளி. அவர்களுடைய இரண்டு கூடுகளையும் ரஹீமாதான் பார்த்தார். கூடு வளர்ப்பவர்களின் சங்கத்தில் வலையைத் தைத்து முதலில் தயாராக இருப்பவர் எப்போதும் அவர்தான். அதனால்தான் பெரியவளின் குஞ்சுகளை அவருக்குக் கொடுத்தேன். நல்லதை நல்ல கைக்குக் கொடுத்ததாக அன்றைக்குப் பெருமைப்பட்டேன். மற்றச் சோடிகளின் குஞ்சுகள் மற்றவர்களுக்குப் போயின.

குஞ்சாக இருக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. விரல் நீளத்துக்கு வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. பாதிக்கு மேல் முதுகு வளைந்த மீன்கள். சிலவற்றுக்குச் செவுள் மூடி பாதிதான் இருந்தது. நீந்த முடியாமல் கூட்டின் மூலையில் ஒதுங்கி, ஒவ்வொன்றாகச் செத்தன. அதே கடலில், அதே தீனியில், பக்கத்துக் கூட்டு மீன்கள் நன்றாகத்தான் இருந்தன.

சங்கத்துக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கட்டடம் நிறைய ஆட்கள். காரணம் என்னவென்று தலைவர் கேட்டார். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் குஞ்சில் பிழை இருக்காது, மற்றவர்களுடையது நன்றாகத்தானே இருக்கிறது என்றேன். வலை ஊத்தையாக இருந்தால், நெருக்கமாக விட்டால் இப்படி வரும் என்றேன். ரஹீமா பின்வரிசையில் இருந்தார். என்னை ஒருதரம் பார்த்தார். வலையை ஒழுங்காகக் கழுவுவதாக மெதுவாகச் சொன்னார். அடுத்த முறை குஞ்சு கொடுக்கும் பட்டியலில் அவருடைய பெயரை எடுத்துவிட்டு, காத்திருந்த வேறொருவருக்கு இடம் கொடுப்பது என்று அன்றே முடிவானது. அவருடைய கூடுகள் கரையில் காய்ந்துகொண்டு கிடந்தன.

இப்போது பரிசோதனைக்கு வருகிறேன். மீன்களின் செட்டையில், அதுதான் துடுப்பில், இருந்து சிறு துண்டு வெட்டி, கொழும்பில் உள்ள ஒரு பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று மறு வருடம் உத்தரவு வந்தது. எந்த மீனுக்கு எந்த மீன் என்ன உறவு என்று மரபணுவைப் பார்த்துச் சொல்வார்களாம், அதை வைத்துத்தான் இனிச் சோடி சேர்க்க வேண்டுமாம். நீங்கள் இன்று தண்ணீர் குடிப்பதுபோலச் செய்யும் வேலை. எனக்கு அன்று சிரிப்பாக இருந்தது. கலியாணத்துக்கு முன் மீனுக்கும் குறிப்புப் பார்க்கப் போகிறார்கள் என்று கந்தோரில் நக்கலடித்தேன். என்றாலும் வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன். ஒவ்வொரு மீனின் அடையாள இலக்கத்தையும் வாசித்து, இரண்டு பேர் சரிபார்த்து, துண்டுகளை அனுப்பினோம்.

முடிவு வரும்வரை நான் காத்திருக்கவில்லை. அது என் இரண்டாவது பிழை. முழு நிலவுப் பறுவம் நெருங்கிவிட்டது; அதையும் அமாவாசையையும் ஒட்டித்தான் கொடுவா முட்டை விடும். பறுவத்தை விட்டால் அடுத்த அமாவாசை, அதையும் விட்டால் மாரி மழை வந்து அருவியாற்றுத் தண்ணீர் கடலில் கலங்கி இறங்கும். அதற்குள் குஞ்சுகள் கூட்டில் கொஞ்சமாவது வளர்ந்திருக்க வேண்டும். தொட்டியில் முந்தி இருந்த ஆண்கள் பெண்ணாகிவிட்டன. மிஞ்சியிருந்தவை சவிரியானின் ஐந்தும்தான். பெரியவளுக்கும் அவற்றுக்கும் காலையில் முட்டை விடவைக்கும் ஊசி போட்டு, ஒரே தொட்டியில் விட்டோம். மறுநாள் மாலைக்குப் பிறகு முட்டை விடும்.

அன்று மத்தியானம் கொழும்பில் இருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் ஓர் இளம் பெண். மலையகத்தில் இருந்து முருங்கன் பக்கம் வந்து குடியேறியவர்களின் மகள். படித்து அந்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறார். அறிக்கை எழுத நாளாகும், ஆனால் ஒரு விஷயத்தை உடனே சொல்ல வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்.

“சார், வடக்குன்னு போட்டிருக்கிற அஞ்சு மீனும் உங்க பெரிய பொம்பள மீனோட புள்ளைங்க. நான் மூணு தடவ பார்த்துட்டேன்.”

துண்டுகள் மாறியிருக்கும் என்றேன். மாறியிருந்தால் ஏதாவது ஒன்றிரண்டு மீனில் குழப்பம் வந்திருக்கும், ஐந்தும் ஒரே தாய்க்குப் பிள்ளைகளாக வராது என்று பொறுமையாகச் சொன்னார். அது நடக்க முடியாது, அவை கடலில் பிடித்த மீன்கள், பதிவேட்டில் இருக்கிறது என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. அவருடைய குரல் உயரவில்லை.

“வடக்குப் பக்கம்னு யாரு சார் சொன்னது?”

என் வாழ்நாளில் என்னிடம் யாரும் கேட்ட கேள்விகளில் அதுதான் சரியான கேள்வி. போன வருடம் இந்த ஆண்களைப் பயன்படுத்தினீர்களா என்று அடுத்ததாகக் கேட்டார். ஓம் என்றேன். குஞ்சுகள் எப்படி இருந்தன என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்லாமல் தொலைபேசியை வைத்துவிட்டேன். அந்த மரியாதைக்கேட்டுக்காக அவரிடம் பிற்பாடு மன்னிப்புக் கேட்டேன்.

நேரே பேசாலைக்குப் போனேன். சவிரியான் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மணலில் இருந்தேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் காற்றைப் பற்றிக் கதைத்தோம். பிறகு, கேட்கக் கூடாத கேள்வியை இரண்டாம்தரம் கேட்டேன். அந்த ஐந்து மீனும் உண்மையில் எங்கே பிடிபட்டவை?

ஏன் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. வலையைக் கீழே வைத்தார்.

“தெற்கை. சிலாவத்துறைக்கு நேர. அந்தப் புயலுக்குக் கூடு உடைஞ்ச இடத்திலதான்.”

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதற்கு மூன்று வருடத்துக்கு முன் அடித்த புயலில் ஒரு வரிசைக் கூடுகள் உடைந்து, வளர்ந்துகொண்டிருந்த மீன்கள் கடலுக்குப் போயிருந்தன. அவை பெரியவளின் குஞ்சுகள். எங்கள் பிள்ளைகளையே நாங்கள் கடல் மீன் என்று திரும்ப வாங்கி, தாயோடு சேர்த்திருக்கிறோம். குஞ்சுகளின் முதுகு வளைந்ததற்கு அந்த நெருங்கிய உறவுதான் காரணம்.

ஏன் வடக்கு என்று சொன்னீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவருக்கு அது உண்மையாகவே புதினமாக இருந்தது.

“நான் சொன்னதை எழுதிப்போட்டீங்களே? நீங்கள் எங்கட ஆள் எல்லோ. நம்பமாட்டீங்கள் எண்டுதான் நினைச்சன்.”

அவரில் ஒரு பிழையும் இல்லை. அவர் தன் தொழிலின் ஒழுங்குப்படி சொன்னார். அந்த ஒழுங்கு தெரிந்த ஒரே ஆள் பொரிப்பகத்தில் நான்தான். கொழும்பில் இருந்து ஒரு படித்த பிள்ளை வந்து அந்தக் கதிரையில் இருந்திருந்தால் ஏமாந்ததற்கு நியாயம் இருந்திருக்கும்.

திரும்பி வந்து ஆண்களைத் தொட்டியில் இருந்து பிரிக்கச் சொன்னேன். பிறகுதான் முகாமையாளரிடம் போனேன். நல்ல மனிதர் அவர், என்னை என்றும் விட்டுக்கொடுக்காதவர். முழுவதையும் கேட்டார். ஊசி போட்டாகிவிட்டது, முட்டை எப்படியும் வரும், ஆண் இல்லாவிட்டால் அது வீண், அந்தப் பறுவம் போய்விடும், குஞ்சுக்குக் காத்திருக்கும் அத்தனை வீட்டுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்றார். எல்லாம் எனக்குத் தெரியும் என்றேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: “தண்ணி பழுதாப்போச்சுது எண்டு சொல்லுவம். ஒருத்தரும் கேக்காயினம். இனிமேல் சரியாச் செய்தால் சரிதானே.”

அவர் சொன்னது என்னைக் காப்பாற்றத்தான். உங்களிடம் மறைத்து என்ன, எனக்கு அது இனித்தது. ஒரு முழு இரவும் ஒரு பகலும் அந்த வசனத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். தண்ணீர் பழுதாகிவிட்டது. யாருக்கும் நட்டமில்லாத பொய்தான். ஆனால் ஒவ்வொரு தரமும் வசனத்தின் கடைசியில் ரஹீமா வந்து நின்றார். தண்ணீரில் பிழை என்றால் இந்த வருடத்துக் கதை முடிந்துவிடும். போன வருடத்துக் கதையில் அவருடைய வலை ஊத்தையாகவே இருக்கும்.

ஊசி போட்டதற்கு மூன்றாம் நாள் காலை தொட்டிக்குப் போனேன். பெரியவள் முட்டை விட்டிருந்தாள். நல்ல முட்டை என்றால் கண்ணாடிபோல மேலே மிதக்கும். இது வெள்ளையாகி அடியில் படிந்திருந்தது. எத்தனை இலட்சம் என்று நான் எண்ணப் போகவில்லை. குழாயைப் போட்டு நானே உறிஞ்சி எடுத்தேன். வேறு யாரையும் விடவில்லை. அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன்.

அந்தக் கிழமையே சங்கத் தலைவரிடம் சொல்லி ஒரு கூட்டம் வைக்கச் சொன்னேன். முகாமையாளரும் கூட வந்தார். வந்திருக்கத் தேவையில்லை, வந்தார். அதே கட்டடம். ஆனால் குஞ்சு இல்லை என்ற செய்தி ஏற்கெனவே பரவிவிட்டதால் பத்துப் பேர்கூட வரவில்லை. ரஹீமா வந்திருந்தார், அதே பின்வரிசையில். நான் எழும்பி நின்று சொன்னேன். போன வருடம் இவருடைய கூட்டில் மீன் செத்ததற்கு இவருடைய வலை காரணம் இல்லை. தாய்க்கும் பிள்ளைக்கும் பிறந்த குஞ்சுகளை நான் இவருக்குக் கொடுத்தேன். தெரியாமல் கொடுத்தேன். ஆனால் தெரியாததைத் தெரிந்ததுபோல இந்த இடத்தில் நின்று பேசினேன். அதைத் தெரியாமல் செய்யவில்லை.

தலைவர், பெயரைத் திரும்பப் பட்டியலில் சேர்ப்போம் என்றார். அதோடு முடிந்தது என்று நான் என் இடத்தில் இருக்கப் போனேன். ரஹீமா எழும்பினார்.

“சேர், அண்டைக்கு இந்தக் கட்டடம் நிறைய ஆக்கள் இருந்தினம். அவை எல்லாருக்கும் கேட்டது. இண்டைக்கு வராதவைக்கு ஆர் சொல்லுறது?”

கோபமாகக் கேட்கவில்லை. உள்ளதைக் கேட்டார். நான் சொல்கிறேன் என்றேன். தலைவரிடம் பெயர்களை வாங்கிக்கொண்டு அடுத்த மூன்று நாட்களும் வீடு வீடாகப் போனேன். சிலாவத்துறையிலும் அதற்கு அப்பாலும், முசலிப் பக்கம் இரண்டு வீடுகளும். ஒவ்வொரு வாசலிலும் அதே நாலு வசனம். சிலர் தேத்தண்ணி தந்தார்கள். ஒருவர் முழுவதையும் கேட்டுவிட்டு, அப்படியென்றால் அவவிடம் நான் சொன்னதை எப்படித் திருப்பி எடுப்பது என்று என்னிடமே கேட்டார். அவர் என்ன சொன்னார் என்று நான் விசாரிக்கவில்லை. என் ஒரு சொல் அந்த ஊரில் எத்தனை வாயில் போயிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

புது ஆண் மீன்களுக்கு மறுபடியும் சவிரியானிடம்தான் போனேன். அவர் இந்த முறை என்னைத் தன் படகிலேயே ஏற்றிக்கொண்டு போனார். எந்த இடம் என்று உங்களுக்கும் சொல்லமாட்டேன். பதிவேட்டில், ‘நானே கூடப் போய்ப் பார்த்தேன்’ என்று மட்டும் எழுதினேன். செட்டைத் துண்டை அனுப்பி, கொழும்புப் பிள்ளை உறவில்லை என்று சொன்ன பிறகுதான் சோடி சேர்த்தேன். அமாவாசை போய், அடுத்த பறுவத்து நாட்களும் பாதி போய்விட்டன. அந்த வருடம் எல்லோருக்கும் சின்ன மீன்தான். அதற்காக நான் வாங்கிய ஏச்சு நியாயமான ஏச்சு.

இப்போது பதிவேட்டில் ‘பிடித்த இடம்’ என்பதற்குப் பக்கத்தில் ‘யார் சொன்னது’ என்று ஒரு பத்தி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அந்தக் கொழும்புப் பிள்ளையின் கேள்வி. தயவுசெய்து அதை வெறுமையாக விடாதீர்கள். பரிசோதனை மீனைப் பற்றிச் சொல்லும். நாங்கள் எதை நம்பி என்ன செய்தோம் என்பதை நாங்கள்தான் சொல்ல வேண்டும்.

குஞ்சுகளைக் கொடுக்கும் நாளில் ரஹீமாவின் கூட்டுக்கு நானே போனேன். வலை புதிதுபோல இருந்தது. எதையாவது சொல்ல வேண்டும்போல இருந்ததால், நல்ல சுத்தமாக வைத்திருக்கிறீர்கள் என்றேன். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். அவர் குஞ்சுகள் தண்ணீரில் இறங்கிப் பரவுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“நீங்கள் அண்டைக்கு வலை ஊத்தை எண்டு சொன்ன பிறகு வீட்டை போய் வலையை மணந்து பாத்தனான் சேர். ஒரு மணமும் இல்லை. எண்டாலும் படிச்ச மனிசர் சொல்லுறார் எண்டு திரும்பக் கழுவினனான்.”